தொட்டியோடு போக வேண்டியவள்

பல் டாக்டரின் தங்கைக்கு நாற்பது தாண்டியும் வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். அவள் கணவன் லாரியில் அடிபட்டு இறந்தபோது, "கொஞ்ச நாள் எங்ககூட வந்து இரு" என்று சொல்லி அண்ணன் அழைத்துக்கொண்டு போனார். பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போய்ப் பதினோரு வருடமாகிவிட்டது. அந்த வீட்டில் யாரும் அவளைப் போ என்று சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை.

அவள் வந்த வருடம்தான் அண்ணன் அந்தத் தொட்டியை வாங்கினார். ஹாலில் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. சாதாரண மீன் தொட்டி இல்லை, உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளங்கள், கடல் பாறைகள், விரலளவு கோமாளி மீன்கள். முதல் மூன்று மாதத்தில் எல்லாம் செத்துப் போயின. ஹாலில் மீன் சந்தை நாற்றம். அண்ணன் கடைக்காரனைத் திட்டினார், கடைக்காரன் தண்ணீரைத் திட்டினான். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நாற்றத்தைக் கழுவ பாப்பாதான் கையை விட்டாள். விட்ட கையை அதன்பின் எடுக்கவே முடியவில்லை.

வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, வடிகட்டியது வேண்டும். அதில் உப்பைக் கலந்து, ஒரு நாள் சுற்ற விட்டு, உப்பின் அளவைக் கருவியில் பார்த்து, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியை வழிக்க வேண்டும். தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் குடுவையில் சேரும் பழுப்புக் கழிவைத் தினமும் கொட்ட வேண்டும். அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்களைக் கழற்றி, சுண்ணாம்பு படிந்த இடத்தை வினிகரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். உப்பில் ஊறி ஊறி அவள் நகக்கண்கள் வெடித்திருந்தன. அண்ணன் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். விருந்தாளி வந்தால் விளக்கை நீலத்துக்கு மாற்றி, "நாங்கள்லாம் இதுக்கு அடிமை சார்" என்பார். அடிமை என்ற வார்த்தையை அவர் சிரித்துக்கொண்டு சொல்லும்போது பாப்பா உள்ளே தட்டு துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு தடவை பாறை ஒன்றில் பொத்தான் மாதிரியான பவளம் கண்டபடி படர்ந்து மற்றவற்றை மூடத் தொடங்கியது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஒழியும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து அண்ணன் சொன்னார். அவள் பாறையை வெளியே எடுத்து, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து, குனிந்து நின்று ஊற்றினாள். அந்தப் பவளத்தில் விஷம் உண்டென்று இருவருக்கும் தெரியாது. ஆவி முகத்தில் அடித்தது. அன்று மாலைக்குள் காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அண்ணன் வந்து கட்டில் ஓரம் நின்று, எந்தப் பாறை, மீதி இருந்த பாறைகளிலும் அது இருக்கிறதா என்று கேட்டார். பிறகு அவள் தலையைத் தொட்டுச் சொன்னார்:

"நல்லவேளை, தொட்டிக்குள்ளயே ஊத்தாம விட்டே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அண்ணனின் மகளுக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்ததும், கிளினிக்கைக் கைமாற்றிவிட்டு மகளோடு போய் இருப்பதென்று அண்ணனும் அண்ணியும் முடிவு செய்தார்கள். வீட்டை விற்க ஆள் பார்த்தாயிற்று. தொட்டிக்கும் இடம் தேட ஆரம்பித்தார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். ஒரு வீட்டில் வெயில் நேராக விழுகிறது, வேண்டாம். இன்னொரு வீட்டில் பூனை இருக்கிறது, கூடாது. கடைசியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வீடு பிடித்துப்போனது. ஹால் தரை எடை தாங்குமா என்று அண்ணன் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கரண்டு போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேட்டுக்கொண்டார்.

பாப்பா காத்திருந்தாள். வாய் திறந்து தானே கேட்கக் கூடாது என்று வைராக்கியம். அண்ணி துணிகளைப் பிரித்து அடுக்கினாள். பாப்பா அவளுக்கு உதவியாகப் பெட்டி கட்டினாள். கோமாளி மீனுக்கு இடம் கிடைத்தது, இறாலுக்குக் கிடைத்தது, பாறையிடுக்கில் பகலெல்லாம் ஒளிந்து கிடந்த நண்டுக்கும் கிடைத்தது. பாப்பாவைப் பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது வந்தது. ஒப்பந்தக்காரர் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், தனிக் குளியலறையோடு. சாப்பாடும் போடுவார்களாம். தொட்டியின் பழக்கவழக்கம் தெரிந்தவர் கூடவே இருந்தால் நல்லது என்று அண்ணன் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"என்னைத் தொட்டியோட சேத்துக் குடுக்குறீங்களாண்ணா?" என்றாள் பாப்பா.

"அப்படி ஏன் எடுத்துக்குறே? உனக்கும் ஒரு இடம் வேணும்ல."

"மீனை வலையில புடிச்சு டப்பாவுல போடுவோம். என்னை எப்படி அனுப்புவீங்க?"

அண்ணி தலையைத் தூக்காமல், நல்லது செய்யப் போனாலும் பொல்லாப்புதான் என்று சோற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அண்ணன் கையைக் கழுவ எழுந்துவிட்டார். பாப்பா அந்த அறைக்குப் போகமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டாள். அடுத்த வாரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலையும், பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் பிடித்துவிட்டாள். அண்ணன் அதற்குச் சந்தோஷப்பட்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், ஒரு பாரம் இறங்கிய முகம்.

தொட்டியைப் பிரித்த அன்று அண்ணன் பத்திர ஆபீசில் இருந்தார். ஒப்பந்தக்காரர் இரண்டு ஆட்களையும் ஒரு வேனையும் அனுப்பியிருந்தார். பாப்பா பாறைகளை எடுத்து உப்புத் தண்ணீர் நிறைத்த டப்பாக்களில் வைத்தாள். மீன்களைப் பிடிக்க மதியமாயிற்று. கடைசியாக இருந்தது கடல் சாமந்தி. பூப்போல விரிந்திருக்கும், ஆனால் பிராணி. கோமாளி மீன்களுக்கு அதன் மடிதான் படுக்கை. அது இருந்த இடத்தில் இருக்காது. தோன்றினால் பாதத்தைத் தளர்த்தி நகர்ந்து போகும். சுழல் மோட்டாரின் வாய்ப்பக்கம் போனால் உள்ளே இழுபட்டு அரைந்துவிடும். அதன் சாறு கலந்து மற்ற உயிர்களும் போய்விடும். அதற்காகப் பாப்பா ஸ்பாஞ்சு வெட்டி, மோட்டார் வாய்க்கு உறை தைத்து மாட்டியிருந்தாள். அண்ணனுக்கு அது தெரியவே தெரியாது.

அந்த உறையைக் கழற்றினாள். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பழைய துணிகளோடு சேர்த்துக் குப்பைப் பையில் போட்டாள்.

வேனில் வந்த ஆள், முதலாளியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

சலவைப் பிரிவில் நாள் முழுக்க ஆவியும் ஈரத் துணியும். விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, இரண்டு பேராகப் பிடித்து உதறி, மடிக்க வேண்டும். எதிரே பிடிக்கிறவள் ஒரு வாயாடி. மாமியாரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். பாப்பாவும் சிரிப்பாள். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் தொட்டி போயிற்று என்று சொல்லத்தான் என்று நினைப்பாள். அந்தச் செய்திக்குப் பயந்தாளா, ஏங்கினாளா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அரைபடும் சாமந்தியை நினைத்துச் சில நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியும் அவள் ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்யவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் பேசினார். பேத்தி சிரிக்கிறாள் என்றார், குளிர் தாங்கவில்லை என்றார். ஒப்பந்தக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் படம் அனுப்பச் சொன்னால் அனுப்புவதில்லை என்று குறைப்பட்டார். "நீ ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாயேன் பாப்பா. மனசே சரியில்ல" என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்பது அதற்குப் பிறகு, போனை வைக்கிற அவசரத்தில் வந்தது.

விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனாள். ஒப்பந்தக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். டாக்டரின் தங்கை என்று சொன்னதும் முகம் மலர்ந்து உள்ளே அழைத்தாள்.

தொட்டி செழித்திருந்தது. பவளங்கள் அவள் கையில் இருந்ததைவிட நன்றாக விரிந்திருந்தன. கண்ணாடியில் ஒரு பொட்டுப் பாசி இல்லை. சாமந்தி பழைய அளவைப் போல ஒன்றரை மடங்கு பருத்து, பாறை உச்சியில் உட்கார்ந்திருந்தது. பாப்பாவின் கண் நேராக மோட்டாருக்குப் போனது. வாயில் கறுப்பு வலை ஒன்று கச்சிதமாகப் பொருத்தியிருந்தது. வாரம் ஒருமுறை ஒரு கம்பெனி ஆள் வருகிறான், வந்த முதல் நாளே வலையெல்லாம் போட்டுவிட்டான், அரை மணியில் எல்லாம் முடித்துவிடுவான் என்று அந்த அம்மாள் சொன்னாள்.

அரை மணி நேரம். அவள் இல்லாமலும் அது வாழ்ந்தது. அவள் செய்த கெடுதலுக்கும் அங்கே வேலை இல்லாமல் போயிருந்தது.

குடிக்கப் பழச்சாறு வந்தது. அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து இயல்பாகக் கேட்டாள்:

"டாக்டருக்குத் தங்கச்சி இருக்குன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க. மீனைப் பாத்துக்கிட்ட வேலைக்காரம்மாவை அனுப்புறேன்னு சொல்லியிருந்தார். யாருமில்லாதவங்க, நல்லவங்க, ஒரு மூலையில இருந்துக்குவாங்கன்னார். பின்னாடி ரூம்கூட வெள்ளையடிச்சு வெச்சோம். அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

பாப்பா டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணனின் கணக்கு அவளுக்குப் புரிந்தது. தங்கையை அனுப்புகிறேன் என்றால் கௌரவக் குறைச்சல். வேலைக்காரியை அனுப்புகிறேன் என்றால் உபகாரம்.

"அவங்களுக்கு வேற எடத்துல வேலை கெடைச்சிடுச்சு" என்றாள்.

"பாவம். சம்பளமாவது ஒழுங்காத் தர்றாங்களா?"

"அங்க தர்றாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. விடுதி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் அழைத்துவிட்டார். பார்த்தாயா, எப்படி இருக்கிறது, சாமந்தி விரிகிறதா என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

"செத்துப்போச்சுண்ணா" என்றாள் பாப்பா. "மோட்டார்ல மாட்டி அரைஞ்சுபோச்சு. கோமாளி ரெண்டும் போயிடுச்சு. தண்ணி பால் மாதிரி இருக்கு."

மறுமுனையில் அவர் அழுவது கேட்டது. குழந்தை மாதிரி, விக்கி விக்கி அழுதார். அண்ணி பின்னாலிருந்து என்ன என்று பதறுவதும் கேட்டது. பாப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முழுவதும் கேட்டாள்.

பொய் மறுநாளே வெளிப்பட்டுவிட்டது. ஒப்பந்தக்காரர் வீடியோவே எடுத்து அனுப்பிவிட்டாராம். அண்ணி போன் செய்து, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா, நாக்கு அழுகிப் போகும் என்று தொடங்கி நீளமாகப் பேசினாள். பாப்பா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மறு ஓரத்தைப் பிடித்திருந்த வாயாடி, யார் அது என்று சைகையால் கேட்டாள்.

"பழைய முதலாளியம்மா" என்றாள் பாப்பா.

அண்ணன் அதற்குப் பிறகு அழைக்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை என்று சொன்னால், அது அவள் சொல்லும் இரண்டாவது பொய்யாக இருக்கும்.