ஆறு ஆரஞ்சு வட்டங்கள்

எங்கள் பேக்கரி செய்யும் ஆரஞ்சு வட்டம் என்ற தின்பண்டம் கேக்கா, பிஸ்கட்டா என்று முடிவு செய்ய அறுபத்திரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு, கேக் பிரிவு மேசையில் ஆறு வட்டங்களைத் திறந்த தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு நாள் விடுமுறை. திங்கள் காலை ஏழு மணிக்குப் பார்ப்பதாக ஏற்பாடு. காற்றுப் பட்டால் கேக் காய்ந்து இறுகும், பிஸ்கட் நமுத்துப்போகும்.

பிஸ்கட் என்று முடிவானால் வட்டம் பிஸ்கட் பிரிவு மெஷினுக்குப் போய்விடும். மாவு கலக்கும் ஏழு பெண்களுக்கு வேலை இல்லை. அதில் ஒருவர் என் சித்தி. தட்டை யார் தொட்டாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

திங்களன்று மேனேஜர் எனக்கு முன்பே நின்றிருந்தார். தட்டின் மேல் ஒரு கண்ணாடி மூடி. அதன் உள்பக்கம் நீர் முத்து முத்தாக இருந்தது. மூடியை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வட்டத்தை அழுத்தினார்.

"பஞ்சு மாதிரி இருக்கு. பிஸ்கட்தான்."

சித்தி கதவருகிலேயே ஆரம்பித்துவிட்டார். "முட்டை அடிச்சு அடிச்சு எங்க தோள்பட்டை கழண்டுபோச்சு சார். இதைப் போய் பிஸ்கட்டுங்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?"

"கத்தினா மாறிடுமாம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடி வைத்தால் எதுதான் காயும்? மேனேஜரிடமே சொன்னேன்.

"மூடி இருந்துச்சு சார். ஈரம் வெளிய போகல. இது செல்லாது. மறுபடி வைக்கணும்."

"யார் மூடினது?"

"கேக்கணுமா?" சித்தி உள்ளே வந்தார். "எல்லாம் உங்க பிஸ்கட் ஆளுங்கதான்! ஏழு பேர் வயித்துல அடிச்ச அந்த மகராசனை இன்னிக்கே அனுப்புங்க. வாசல் வரைக்கும் நானே கொண்டுபோய் விடுறேன்."

மேனேஜர் முகம் சிவந்தது. "சரி. அத்தனை பேரையும் நிக்க வைக்கிறேன். ஒருத்தன் வேலை போகாம விடமாட்டேன்."

மூடியின் குமிழை உள்ளங்கையால் பொத்தியிருந்தேன். அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. கேக் பிரிவில் தன் மூடிகளுக்கு நூல் கட்டுகிறவர் ஒருவர்தான். வீட்டிலும், கண்ணில் பட்ட பாத்திரத்தை எல்லாம் மூடிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். மூடியது நினைவிலும் இருக்காது.

"நீ சொல்லேன்டி, படிச்ச பொண்ணு" என்றார் சித்தி. "யார் வேலையா இருக்கும்?"

கையை எடுத்தேன்.

"நீங்கதான் சித்தி."