ஒரே ஒரு வாஷர்

மூன்றாவது முறையாக வாஷிங் மெஷின் குழாயின் வால்வைத் திறந்தாள் வீப்கே. இந்த முறையும் ஹோஸின் கழுத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. அவசரமாக மூடிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் ஒன்னோவோடு நடத்திய முப்பத்தோரு வருடக் குடித்தனம் போதுமென்று, பழைய வாஷிங் மெஷினோடு லேயர் நகரத்தின் இந்த முதல் மாடிக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் முதல் வேலை. அவர்கள் கொடுத்த வெள்ளைச் சட்டைகள் இரண்டும், வீடு மாற்றும்போது உடைந்த பீட்ரூட் பாட்டிலின் சாற்றில் ஊறிச் சிவந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை வேறு, ஊரில் ஒரு கடை திறந்திருக்காது.

பிளையரால் இறுக்க இறுக்க ஒழுகல் கூடியதே தவிரக் குறையவில்லை. கழற்றி, ஹோஸின் திருகு மறைக்குள் விரலை விட்டுத் தடவினாள். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷரைக் காணோம். பழைய வீட்டில் கழற்றியபோது அது குழாய் வாயோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டிருக்க வேண்டும். ஒன்னோவின் வீட்டுக் குழாய். துவைத்து முடித்து அவள் வால்வை மூடிவிட்டு வந்தாலும், நிலவறைக்கு இறங்கிப் போய் இன்னொரு தரம் திருகிவிட்டு வந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அவனிடம் போய்க் கேட்பதைவிடச் சிவப்புச் சட்டையோடே போய் நிற்கலாம் என்றிருந்தது. ஆனாலும் போனை எடுத்தாள்.

"என்ன, ஒழுகுதா?" என்றான் ஒன்னோ, எடுத்த எடுப்பிலேயே. "உனக்கு மாட்டத் தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? நான் காலையில புது மெஷினையே மாட்டிட்டேன். பத்தே நிமிஷம்."

"என் வாஷர் உன் குழாய் வாயில ஒட்டிக்கிட்டிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காம புதுசை மேல வச்சு மாட்டினியா?"

அவன் நிலவறைப் படிகளில் தடதடவென்று இறங்குவது போனில் கேட்டது.

"ரெண்டு வாஷர் இருந்தா நிக்காது ஒன்னோ. ஒழுகும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றான். வழக்கமான காரம் இல்லை. வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "இருந்தா எடுத்துட்டு வர்றேன். அப்படியே உள்ள வந்து மாட்டிக் குடுத்துட்டு..."

"வேண்டாம். தபால் பெட்டியில போட்டுட்டுப் போ. நான் மாட்டிக்குவேன்."

போனை வைத்தாள். பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அரை மணி நேரத்தில் கீழே தபால் பெட்டியின் மூடி டப்பென்று விழுந்தது. அழைப்பு மணி அடிக்கவில்லை. அவள் ஜன்னலுக்கு வந்தாள். நல்ல வெயில். ஒன்னோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. அவள் வீடு எந்த ஜன்னல் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணாந்து, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.