தட்டி எழுப்பாத கோர்

லோகேஸ்வரனின் வயிற்றில் அன்று எரிந்த தீயை அடுப்பில் ஏற்றியிருந்தால், ஜார்ஜ்டவுன் முழுவதற்கும் நாசி கண்டார் சோறு ஆக்கி, மிச்சத்தை அக்கரையில் இருக்கும் புக்கிட் தெங்காவுக்கு லாரியில் அனுப்பியிருக்கலாம். தலைமுடி கொட்டக் கொட்ட, சிப்பை இயக்கும் கெர்னல் மென்பொருளை எழுதியவன் அவன். சுபாஷினி இந்தப் பாயான் லெப்பாஸ் சிப் நிறுவனத்துக்கு வந்ததே போன வருஷம்தான். ஆனாலும் அடுத்த சிப்பின் குழுத்தலைவர் பதவிக்கு மேலாளர் பஷீர் பாய் யோசித்தது இரண்டு பேரையும். இப்போதைய சிப்பில் ஒரு கேமராவை வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டிய பிறகு முடிவு.

எல்லாம் கெர்னலில் அவள் செய்த ஒரு மாற்றத்தால் வந்தது. சிப்புக்குள் கோர் என்று எட்டு குட்டி மூளைகள்; அதில் ஒரு கோருக்குத் திரெட் எனும் புது வேலையை ஒதுக்கும்போது, 'வேலை வந்திருக்கிறது, மாறு' என்று கெர்னல் நினைவகத்தில் ஒரு கொடி ஏற்றும். பிறகு இன்டரப்ட் என்ற எழுப்பும் சமிக்ஞையை அனுப்பி அந்தக் கோரைத் தட்டும். சும்மா இருக்கிற கோர் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தால் எதற்குத் தட்டுவது என்று சுபாஷினி அந்த இடத்தில் தட்டலை நிறுத்திவிட்டாள். வேகம் கூடியது. பஷீர் பாய் புகழ்ந்த சத்தத்தில், பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று பயந்து மறுபடி மேலே போனதாக லோகேஸ்வரனுக்குத் தோன்றியது.

அவள் எழுதியதை அவன் படித்த மாதிரி காதலன்கூடக் கடிதம் படிக்கமாட்டான். ஓட்டை கிடைத்தது. பார்த்துக்கொண்டிருந்த கோர் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்து தூங்கப் போய்விட்டால்? கொடி பறக்கும், பார்க்க ஆளிருக்காது, தட்டவும் ஆளிருக்காது. தன் மேசையில் இருந்த சோதனைப் போர்டிலேயே ஓட்டி உறுதி செய்துகொண்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று மீ கோரெங் நூடுல்ஸ் இரண்டு தட்டு இறங்கியது.

காட்சி நாளில், வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்கத் திரையில் கேமராப் படம் உறைந்தது.

"என்னாச்சு சுபா?" என்றார் பஷீர் பாய்.

"தெரியல பாய். லாக் பதிவ எடுத்துப் பாக்கறேன்."

"லாக் எதுக்குலா," என்று லோகேஸ்வரன் முன்னால் வந்தான். "மூணாம் நம்பர் கோர் தூங்கிருச்சு. நீ கொடி மட்டும் ஏத்துற. பழையபடி தட்டவும் சொல்லு, ஓடும்."

அவள் மாற்றினாள். படம் ஓடியது. வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். லோகேஸ்வரன் ரயில் ஏறாமலே பினாங்கு மலை உச்சிக்குப் போய்விட்டான்.

வாடிக்கையாளர்கள் தேநீருக்குப் போனதும் சுபாஷினி திரும்பினாள். "அண்ணே, எட்டு கோர் இருக்கு. மூணாம் நம்பர்னு எப்படித் தெரிஞ்சுச்சு? நான் லாக்கையே தொறக்கலையே."

"அது... ஒரு ஊகம்தான்."

"ஊகமா, இல்ல உங்க போர்டுல ஓட்டிப் பாத்தீங்களா?"

பஷீர் பாயின் சிரிப்பு பாதியில் நின்றது. "எப்ப பாத்த தம்பி?"

"திங்கக்கிழம," என்றான், தரையைப் பார்த்தபடி.

"நாலு நாளா வாயில கொழுக்கட்டையா?" அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சுபா, குழு உன்னோடது. இவனும் அதுல இருப்பான். நீ எழுதறத இவன் பாப்பான், பாத்த அன்னைக்கே உன்கிட்ட சொல்லுவான். சரிதானே லோகேஸ்?"

லோகேஸ்வரனின் தலை தானாக ஆடியது.

சுபாஷினி அதற்குள் புதுத் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தாள். தூங்கப்போகிற கோர் முதலில் 'இனிமேல் நான் பார்க்கமாட்டேன், தட்டு' என்று அறிவிக்கும். கடைசியாக ஒருமுறை கொடியைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடும். வேகமும் போகாது, படமும் நிற்காது. அவன் சொன்ன வைத்தியத்தைவிட நல்ல வைத்தியம்.

"பாத்துச் சொல்லுங்கண்ணே," என்று நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தாள்.

மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டை தேடினான்.

"சரியாத்தான் இருக்கு," என்றான்.