தூசிக்குக் கருப்பட்டி

பட்டாசுக் கம்பெனி பேக்கிங் ஷெட்டில் வெடிப்பெட்டி நிறுக்கிற எடைமேடையில் ஏறி நின்றால், வள்ளித்தாய்க்கு நெஞ்சு அடிக்கிற அடி அவள் காதுக்கே கேட்கும். வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் கூத்துதான். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையுமா என்ன! அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பிடிப்பாள்.

"மதினிய எந்த ஊருக்கு லோடு அனுப்பப் போறோம்?" என்று பேக்கிங் பெண்கள் சிரிப்பார்கள்.

"வடக்க அனுப்புங்கடி. அங்கனதான் நல்ல வெலைக்குப் போவேன்" என்று அவளும் விடமாட்டாள். சொல்லிவிட்டுக் குனிந்து நம்பரைப் பார்ப்பாள். எழுபத்தெட்டு. போன வாரமும் எழுபத்தெட்டு. அதற்கு முந்தின வாரமும் அதே எழவு எழுபத்தெட்டுதான்.

ஏதோ வயசு போன காலத்தில் ஒல்லியாகி மினுக்கப் பார்க்கிறாள் என்றுதான் கம்பெனியில் பாதிப் பேர் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். விஷயம் வேறே. அவள் மகள் சினேகாவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. இருபத்தோரு வயசு. பி.காம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது வாரத்துக்கு மூன்று தடவை திருத்தங்கலில் பஸ் ஏறி விருதுநகர் போய், நாலு மணி நேரம் ரத்தம் சுத்தி பண்ணிவிட்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி திரும்பி வருகிறது. அப்பன் பாலகுருவுக்குச் சர்க்கரை. அவன் கொடுக்க முடியாது. வள்ளித்தாயின் ரத்தம் சேர்ந்தது, கிட்னியும் சேர்ந்தது. "எல்லாம் நல்லாருக்கு. ஆனா இந்த எடையோட உங்களுக்குக் கத்தி வைக்க மாட்டோம். பத்துக் கிலோ குறைச்சுட்டு வாங்க" என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குறையாமல் போய் நின்றால் ஆபரேஷன் கிடையாது. வேறு கொடுக்க ஆள் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி.

அன்றையிலிருந்து அளவுச் சாப்பாடு. காலையில் ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் தட்டு நிறையக் காயும், ராத்திரி ஒரே ஒரு தோசை, அதுவும் எண்ணெய் இல்லாமல். சாத்தூர்ச் சேவு என்றால் உசிரை விடுகிற மனுஷி, சேவுக்கடைப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் இப்போது ரெண்டு அளவு நடந்தது. மகளுக்குத் தண்ணீரில் அளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு டம்ளர்தான் என்று. வாழைப்பழம், கருப்பட்டி, இளநீர் எதுவும் அவள் கண்ணிலேயே காட்டக்கூடாது. அம்மாவுக்குச் சோற்றில் அளவு. ஒருத்தி தாகத்தை அடக்கிக்கொண்டும் ஒருத்தி பசியை அடக்கிக்கொண்டும் எதிரெதிரே உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். நடுவில் உட்கார்ந்து நாலு தோசை தின்ன பாலகுருவுக்குக் கூச்சமாக இருக்கும். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவான்.

முதல் ரெண்டு வாரம் ரெண்டு கிலோ குறைந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். அதற்கப்புறம் எடை அப்படியே ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது.

வள்ளித்தாய்க்கு வேலை வெடிமருந்து செலுத்துகிற ரூமில். நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது. நாலு பக்கமும் கதவு, தரையில் ரப்பர் விரிப்பு. குழாய்க்குள் பவுடரை அளந்து கொட்டித் தட்டி மூடவேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். முடித்து வெளியே வருகிறபோது பார்க்கவேண்டும், தலைமுடி, புருவம், கழுத்துமடிப்பு எல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி, வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி மினுங்குவார்கள். தொட்டியில் கை கால் கழுவி, வாய் கொப்பளித்து, வேன் வருகிறவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாரும் நாட்டு வாழைப்பழமும் கருப்பட்டியும் தின்பார்கள். உள்ளே போன தூசி தொண்டையிலும் வயிற்றிலும் தங்காமல் இறங்கிவிடும். அந்தக் காலத்திலிருந்து இந்த வட்டாரத்தில் அப்படித்தான். கை கழுவுவது மாதிரி அதுவும் ஒரு கழுவல். இப்போது கொஞ்ச நாளாக வள்ளித்தாயின் பங்கு கூடிப்போயிருந்தது. பக்கத்தில் உட்காருகிற அய்யம்மாள், "என்ன மதினி, அம்புட்டையும் நீயே அமுக்குத?" என்று கேட்டால், "தூசி கூடுதலா இருக்குடி" என்று சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை உரிப்பாள்.

எடை நின்றதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரெண்டு இட்லியை ஒன்றாக்கினாள். அப்புறம் அந்த ஒன்றையும் விட்டாள். மத்தியானச் சோற்றை நிறுத்தி வெறும் காயைத் தின்றாள். "ஏ வள்ளி, நீயும் படுத்துட்டா நான் யாரைப் பாக்க?" என்று பாலகுரு கத்தினான். "உனக்கென்ன, நீ தோசையத் தின்னு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு சங்கடப்பட்டாள். சினேகாவோ ஒன்றும் பேசவில்லை. அதுதான் வள்ளித்தாயை ரொம்ப அரித்தது. முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை வாசலிலேயே நின்று, "எம்புட்டும்மா?" என்று கேட்கிற பிள்ளை. இப்போது கேட்பதே இல்லை. அம்மா கொண்டுபோகிற சாப்பாட்டுக் கூடையைக் கழுவி வைக்கும்போது மட்டும் ஒரு மாதிரியாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொள்ளும். உடம்பு ரொம்ப முடியவில்லையோ, நம்மிடம் மறைக்கிறதோ என்று தாய்க்காரி மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரூமுக்குள் குழாயில் பவுடரைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள், திடீரென்று விரல் ஆடியது. நிறுத்திப் பிடித்தாள். அப்போதும் ஆடியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கையிலிருந்த அளவுச் செப்பு நழுவி ரப்பர் விரிப்பில் விழுந்து, பவுடர் சிதறியது. மற்ற மூன்று பேரும் மூச்சுவிடாமல் அவளையே பார்த்தார்கள். அய்யம்மாள் மெதுவாக எழுந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். வெளியே வந்த பிறகுதான் கையை விட்டாள்.

போர்மேன் ராக்கப்பன் ஓடிவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னத்தா தின்ன காலைல?"

அவள் முந்தானையால் விரலில் ஒட்டின பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் திங்கல. அப்படித்தான? ஏத்தா, உள்ள நீ ஒருத்தி மட்டுமா இருக்க? நாலு குடும்பம் இருக்கு. நீ மகளுக்கு உசிரு குடுக்கணும்னு மூணு பேரு உசிரை எடுத்துராத. டாக்டரைப் பாத்து, இந்த நடுக்கம் எதுக்குன்னு கேட்டுட்டு வா. அதுவரைக்கும் இந்த ரூமுக்குள்ள கால் வைக்காத."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனாலேயே தாங்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து, கை கால் கழுவி, வழக்கம்போல் பழத்தையும் கருப்பட்டியையும் தின்றுவிட்டு வேன் ஏறினாள்.

மறுநாளே மதுரைக்குப் புறப்பட்டாள். பாலகுரு துணைக்கு வருவதாகச் சொன்னதற்கு, "நானே போறேன்பா" என்று சினேகா கிளம்பிவிட்டது. பஸ்ஸில் விருதுநகர் தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்த பிள்ளையின் கை வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள் வள்ளித்தாய். ஊசி குத்திக் குத்திக் கயிறு முறுக்கின மாதிரி ஆகியிருந்தது.

சாப்பாட்டு விவரம் பார்க்கிற டாக்டர் பெயர் அனுப்பிரியா. சின்னப் பொண்ணு, நிதானமாகப் பேசும். எடையைப் பார்த்தாள். எழுபத்தெட்டரை.

அரை கூடிவிட்டது! வள்ளித்தாய் இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தாள். "அய்யோ டாக்டரம்மா, மிஷின் சரியா இருக்கா பாருங்க. நேத்துப் பூரா நான் ஒண்ணுமே திங்கல. சத்தியமா திங்கல. இந்தக் குறைச்சுத் திங்கிற வைத்தியமெல்லாம் எங்களை மாதிரி உடம்புக்குக் கேக்காது போல. எங்கம்மாவும் குண்டுதான். எங்க வம்சமே அப்படித்தான். வேற ஏதாச்சும் ஊசி, மாத்திரை இருந்தாக் குடுங்க. என் புள்ளைக்கு நாள் இல்ல."

"பதறாதீங்கம்மா. குறைச்சுச் சாப்பிட்டா யார் உடம்பும் குறையும். குறையலைன்னா எங்கயோ கணக்கு விட்டுப்போகுது. காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன வாய்க்குள்ள போகுதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னாள். காய், மோர், ஒரு தோசை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"எம்மா." சினேகா தரையைப் பார்த்துக்கொண்டே பேசியது. "உனக்குக் குடுக்க இஷ்டமில்லைன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். பயமாத்தான் இருக்கும். ஆனா இப்படி மறைச்சு மறைச்சுத் தின்னுட்டு வந்து என் முன்னாடி பட்டினி கிடக்கிற மாதிரி நடிக்காத."

"என்னத்தா சொல்ற?" வள்ளித்தாய் விக்கித்துப்போனாள்.

"உன் கூடையில தினமும் எறும்பு. கருப்பட்டித் தூளு. பழ வாசம். ஒரு மாசமா நான்தான கழுவுறேன்."

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் முகம் கோணியது.

"அட கூறுகெட்டவளே, அதையா சொல்ற? அது சாப்பாடா? அது தூசிக்கில்ல!"

"தூசிக்கா?" என்றாள் அனுப்பிரியா.

"ஆமா டாக்டரம்மா. நாங்க பவுடருக்குள்ள கிடக்கிற ஆளுக. கருப்பட்டியும் பழமும் தின்னாத்தான் தூசி உள்ள தங்காது. எங்க பக்கம் எல்லாரும் திம்பாக. இவ கண்ணுல படக்கூடாதுன்னு வழியில வாங்கிக் கூடையில போட்டுக்குவேன், வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். திங்கக்கூடாத புள்ளை முன்னால வச்சுத் திங்கவா முடியும்?"

"எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"முன்னாடி ரெண்டு பழம், ஒரு சில்லுக் கருப்பட்டி. இப்ப…" இழுத்தாள். "இப்ப ஆறு பழம். கருப்பட்டி ஒரு முழு வட்டு."

"ஏம்மா கூட்டினீங்க?"

வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"இருபது வருசத் தூசி டாக்டரம்மா. எல்லாம் என் கிட்னிலதான கிடக்கும்? அழுக்குக் கிட்னியவா என் புள்ளைக்குக் குடுக்க? குடுக்குறதச் சுத்தமாக் கழுவிக் குடுக்கணும்ல. அதான் கூடத் தின்னேன்."

அனுப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்காகத் தின்னீங்கன்னு உடம்பு கேக்காதும்மா. தின்னதை எடுத்து வச்சுக்கும், அவ்வளவுதான். நீங்க விட்ட இட்லி, சோறு எல்லாத்தையும் அந்தப் பழமும் கருப்பட்டியும் ஈடுகட்டிருச்சு. கருப்பட்டி தூசியக் கழுவாது. அதுக்கு மூக்கையும் வாயையும் மூடிக் கட்டணும், நல்லாக் கை கழுவணும். உங்க கிட்னி நல்லாருக்குன்னு டெஸ்ட்ல தெளிவா வந்திருக்கு. கருப்பட்டிய நிறுத்துங்க. காலைல ரெண்டு இட்லியக் கட்டாயம் தின்னுங்க, மத்தியானம் அந்தக் கரண்டிச் சோத்தையும் தின்னுங்க. பட்டினி கிடந்து கை நடுங்குற வேலை இனி வேண்டாம். மெதுவாக் குறையும். கண்டிப்பாக் குறையும்."

வள்ளித்தாய் தலையை ஆட்டினாள். ஆனால் மனசு ஆடவில்லை. டாக்டர் படிப்பு பெரிய படிப்புதான். இருந்தாலும் இருபது வருஷமாக நம்பினது ஒரு பேச்சில் போய்விடுமா? திரும்பி வருகிற பஸ்ஸில் கள்ளிக்குடி வரைக்கும் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏத்தா சினேகா. கருப்பட்டிய விட்டுருவேன். பசியத் தாங்கிட்டேன், இதைத் தாங்க மாட்டனா. ஆனா நாளைக்கே என் கிட்னி அந்தத் தூசியோட உனக்கு வந்து, உள்ள போய் ஏதாச்சும் பண்ணிருச்சுன்னா? எனக்கு நெஞ்சு கிடந்து அடிக்குது தாயி."

சினேகா வீங்கின கையால் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. அம்மாவின் நகக்கண்ணில் கழுவியும் போகாத பவுடர் மினுங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாசம் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தது போல. வந்தது வேறே.

"தூசியோடயே குடும்மா. எனக்கு அது போதும்."

மறுவாரம் வள்ளித்தாய் ரெண்டு இட்லி தின்றுவிட்டு வேலைக்கு வந்தாள். ராக்கப்பன் அவளைத் தன் முன்னால் கையை நீட்டிக் காட்டச் சொல்லி, விரல் ஆடவில்லை என்று பார்த்த பிறகுதான் ரூமுக்குள் விட்டார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை முடிந்து, கை கால் கழுவி, வேப்பமரத்தடிக்கு எல்லாரும் வந்தார்கள். பழம் உரிக்கிற வாசம் வந்தது. அவளுக்குத் தொண்டை கரகரத்தது. உள்ளே தூசி இறங்கி ஒரு மூலையில் படிகிற மாதிரியே இருந்தது. பயமாக இருந்தது. கையை மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

அய்யம்மாள் ஒரு வட்டுக் கருப்பட்டியை நீட்டினாள். "இந்தா மதினி."

"வேண்டாம்டி."

"தின்னு மதினி. தூசி உள்ள தங்கிரும்ல?"

"தங்கினாத் தங்கட்டும்" என்றாள் வள்ளித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எம்மவளுக்கு அது போதுமாம்."