சித்தி வீட்டு எலிப்டிகல்

மாலை ஆறு மணி ஆகிவிட்டால் கட்டிங் அக்காவின் மகள் வீட்டில் தங்கமாட்டாள். பள்ளிப் பையை வாசலிலேயே இறக்கிவிட்டு, அரைக் கோப்பைத் தேநீரை நின்றபடியே வாயில் ஊற்றிக்கொண்டு, "சித்தி வீட்டுக்குப் போயிட்டு வர்றேம்மா" என்பாள். அந்த 'வர்றேம்மா' காதில் விழுவதற்குள் படியிறங்கியிருப்பாள்.

சித்தி வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. சித்தி என்றால் கட்டிங் அக்காவின் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. சீருடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடங்களாகத் துணி வெட்டும் மேசையில் நிற்பதால் இவளுக்குக் கட்டிங் அக்கா என்று பெயர். ஓரகத்தி எதையும் வெட்டுவதில்லை, தைப்பதில்லை. மருந்துக்கடை கல்லாவில் உட்கார்ந்துவிட்டு நான்கு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். அவளுடைய ஒரே பையன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் இடமும் பொழுதும் அவளுக்குத் தாராளம். அந்தத் தாராளத்தில்தான் கூடத்தின் நடுவே ஓர் எலிப்டிகல் வந்து நின்றது. நின்றுகொண்டு மிதிக்கும் இயந்திரம் அது. பாதம் மிதிகட்டையை விட்டு எழும்பாமலே கால்கள் நீள்வட்டமாகச் சுற்றிவரும், கைகள் இரண்டு தண்டுகளைத் தள்ளி இழுக்கும்.

மகள் பள்ளியின் கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தவள். கணுக்கால் பிசகியதில் அணியிலிருந்து நிற்கவேண்டியதாயிற்று. மருத்துவர், "ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. ஆனா கால் சும்மாவும் இருக்கக்கூடாது. எலிப்டிகல் கெடச்சா பண்ணச் சொல்லுங்க" என்றார். மருத்துவமனைக்கு அழைத்துப் போனது கட்டிங் அக்கா. மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தது கட்டிங் அக்கா. இயந்திரம் மட்டும் ஓரகத்தி வீட்டில் இருந்தது.

முதலில் அரை மணி நேரம் என்று ஆரம்பித்தது, பிறகு ஒரு மணி, பிறகு ஒன்றரை மணி என்று நீண்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மகள் வாயில் சோற்றைவிடச் சித்திதான் அதிகம். சித்தி இப்படிச் சொன்னாங்க, சித்தி அப்படிச் சிரிச்சாங்க. கட்டிங் அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். உள்ளே ஏதோ ஒன்று மிளகாய்ப் பொடி பட்டதுபோல எரியும். சின்னப் பெண்ணின் பேச்சுக்கு இதென்ன எரிச்சல் என்று தன்னையே கடிந்துகொள்வாள். எரிச்சல் போகாது.

ஒரு சனிக்கிழமை காய்கறிக் கடையில் ஓரகத்தி எதிர்ப்பட்டாள்.

"அக்கா, நம்ம பொண்ண மறுபடியும் டீம்ல எடுத்துட்டாங்களே! மாத்து ஆட்டக்காரிதான், ஆனாலும் பரவால்லயே. வீட்ல ஒரே கொண்டாட்டமா?"

கட்டிங் அக்காவின் கையிலிருந்த தக்காளி கையிலேயே நின்றது.

"எப்ப எடுத்தாங்க?"

"புதன்கிழமையே. உங்ககிட்ட சொல்லலையாக்கா?"

"சொன்னா, சொன்னா. எனக்குத்தான் வேலை மும்முரத்துல மறந்துடுச்சு" என்று கட்டிங் அக்கா வாய்கூசாமல் பொய் சொன்னாள். 'நம்ம பொண்ணு' என்ற சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. நம்ம பொண்ணாம், நம்ம! பெற்றது யார், பிரசவத்தில் செத்துப் பிழைத்தது யார்?

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டாள். "நம்ம வீட்லயும் ஒரு எலிப்டிகல் வாங்கணும்."

பேருந்து ஓட்டும் மனிதர் அவர். செய்தித்தாளை மடக்காமலே கேட்டார். "வீட்ல நடக்கவே எடமில்ல. நடக்காத நடைக்கு ஒரு மெஷினா?"

"எடத்த நான் அளந்து சொல்றேன்."

"நீ அளந்துட்டன்னா அப்புறம் நான் என்ன பேசறது" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

எந்த வேலையையும் ஒழுங்குமுறையாகச் செய்வது கட்டிங் அக்காவின் பழக்கம். முதலில் ஓரகத்தியின் இயந்திரத்தை அளந்துவிட வேண்டும், பிறகு அதைவிட ஒரு படி மேலானதைக் கைக்கு எட்டும் விலையில் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனாள். ஓரகத்தி தேநீர் போட உள்ளே போனதும் இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவினாள். நீளம், அகலம், மிதிகட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அது முன்னும் பின்னுமாகப் போகும் எட்டின் நீளம் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். கடைசி அளவுக்காகத் தரையில் மண்டியிட்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அக்கா, மெஷினுக்கு என்ன, பாவாடை தைக்கப் போறீங்களா?"

முகம் சிவந்துவிட்டது. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. "உறை தைக்கலாம்னுதான். இப்படித் தூசி படிய விட்டிருக்கியே. சொல்லாம செஞ்சு தரலாம்னு பாத்தேன், அதுக்குள்ள வந்துட்ட."

"அய்யோ அக்கா!" என்று ஓரகத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வேறு. "எனக்குன்னு யாருக்கா இப்படியெல்லாம் செய்வாங்க?"

சொன்ன பொய்க்காக உறை தைத்தே தீரவேண்டியதாயிற்று. மோசமாகத் தைத்துத் தரலாம் என்றுதான் கட்டிங் அக்கா துணியை விரித்தாள். கத்தரி கைக்கு வந்ததும் அந்த எண்ணம் எங்கோ போய்விட்டது. கைத்தண்டுகள் வெளியே வர இரண்டு திறப்பு, விளிம்பைச் சுற்றிப் பட்டி, பக்கவாட்டில் தண்ணீர்ப் புட்டி வைக்க ஒரு பை. கொண்டுபோய்க் கொடுத்த அன்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"சித்தி மெஷினுக்கு இவ்ளோ அழகா தச்சிருக்க. எனக்குத் தச்சு எத்தன வருஷமாச்சு?"

"நீதான் கடைத்துணிக்கு மாறிட்ட."

"நீ கேட்டியா?"

அதற்கும் சேர்த்துக் கட்டிங் அக்காவுக்கு ஓரகத்தி மேலேயே கோபம் வந்தது.

மறு வாரம் உடற்பயிற்சிச் சாமான்கள் விற்கும் கடைக்குத் தனியாகப் போனாள். சொல்லாமல் வாங்கி வந்து மகளை வியக்க வைப்பது திட்டம். விற்பனையாளர் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வந்தார். ஓடி வந்தவருக்கு அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. சுழல்சக்கரம் எத்தனை கிலோ, எத்தனை எடை வரைக்கும் தாங்கும், இழுவையைக் கூட்டிக் குறைப்பது காந்தத்தாலா பட்டையாலா, மிதிக்கும்போது கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்குமா, மேலே ஏறி நின்றால் தலை கூரையில் இடிக்குமா என்று வரிசையாகக் கேட்டாள்.

"மேடம், நீங்க மெஷின் கம்பெனியா?"

"யூனிஃபார்ம் கம்பெனி. நீங்க பதில் சொல்லுங்க."

மூன்று இயந்திரங்கள் மிஞ்சின. முதலாவது கைப்பிடியைப் பிடித்தாலே ஆடியது. மூன்றாவதன் விலைச்சீட்டைப் பார்த்ததும் அவளே ஒரு அடி பின்வாங்கினாள். நடுவில் இருந்தது அடக்கமாகவும் அழுத்தமாகவும் நின்றது, விலையும் கைக்கு அடங்கியது.

"இதுல கால் எட்டு வைக்கற நீளம் பதினாலு இஞ்ச். ஆளு எவ்ளோ உயரம்?" என்று கேட்டார் விற்பனையாளர்.

இதற்குத்தான் கட்டிங் அக்கா அளவு நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். வீட்டு ஆட்கள் எல்லோருடைய அளவும் அதில் இருந்தன. மகளின் பக்கத்தைத் திறந்து உள்கால் நீளத்தை, தொடையிடுக்கிலிருந்து கணுக்கால் வரையிலான அளவை, பார்த்தாள். இருபத்தேழு அங்குலம். எடுத்துக் கொஞ்ச காலமாகிவிட்டது என்பது தெரியும். வளரும் பிள்ளைகளுக்குச் சீருடை வெட்டும்போது வளர்த்தி என்று இரண்டு அங்குலம் கூடுதலாக விடுவது வழக்கம், எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அப்படி விட்டிருக்கிறாள்! அதே கணக்கில் இரண்டைக் கூட்டி, "உள்கால் இருபத்தொம்பது" என்றாள்.

"அப்ப இது தாராளமா போதும்."

திங்கட்கிழமை இயந்திரம் வந்து இறங்கியது. கட்டிலை நகர்த்தி, அலமாரியைத் திருப்பி, அளந்து வைத்த இடத்தில் நூல் பிசகாமல் பொருத்தினார்கள். மாலையில் மகள் வந்தாள். அவள் பையைக்கூட இறக்காமல் இயந்திரத்தைச் சுற்றி வந்தது கட்டிங் அக்காவுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

"எனக்காம்மா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்கா? இனிமே அங்கயும் இங்கயும் அலைய வேணாம். ஏறு."

மகள் ஏறினாள். நான்கு சுற்று மிதித்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. நீளமான கால்கள் குறுகிய வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறுகிறவளை அரைப்படி அரைப்படியாக ஏறச் சொன்னதுபோல வெட்டி வெட்டி நின்றன. முழங்கால் கைத்தண்டில் இடித்தது.

"அம்மா... மூணு சக்கர சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கு."

"உன் அளவுக்குப் பாத்துத்தான் வாங்கினேன்."

"எந்த வருஷத்து அளவு?"

கட்டிங் அக்கா அவளை இறங்கச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி நாடாவைப் பிடித்தாள். முப்பத்திரண்டரை. இன்னொருமுறை பிடித்தாள். முப்பத்திரண்டரைதான். நோட்டில் தேதியைப் பார்த்தாள். மகளுக்குப் பதின்மூன்று வயதில் எடுத்த அளவு அது. அதற்குப் பிறகு புதுப் பள்ளிக்கு மாறினாள், அங்கே சீருடை தைத்தே வந்துவிடும். மூன்றரை வருடம். நாளெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வளர்த்தி விட்டு வெட்டியவள், தன் பிள்ளை அந்த வளர்த்தியைத் தாண்டி மூன்றரை அங்குலம் போனதை நோட்டில் ஏற்றவில்லை.

"சித்திக்கு என் அளவு தெரியும். போன மாசம் டிராக் பேன்ட் எடுத்துக் குடுத்தாங்க. கச்சிதமா இருந்துச்சு" என்றாள் மகள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அதிகம் வலித்தது. மூன்று மாதத்தில் கூடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவளின் கண்ணுக்குத் தெரிந்தது, பதினெட்டு வருடம் நாடா பிடித்த கைக்குத் தெரியவில்லையா?

அன்றும் மகள் சித்தி வீட்டுக்கே போனாள்.

ஏழு நாளைக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இந்த முறை மகளையும் அழைத்துக்கொண்டு போனாள். கால் எட்டு நீளமாக உள்ள புது இயந்திரங்கள் எல்லாம் கைமீறிய விலை. மகள் அசராமல் கடையின் கோடிக்குப் போய், வருகிறவர்கள் ஏறிப் பார்ப்பதற்காக வைத்திருந்த ஒன்றின்மேல் ஏறினாள். பக்கவாட்டில் கீறல், கைப்பிடி ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. கால் எட்டின் நீளம் பதினெட்டு அங்குலம். கால்கள் தடையில்லாமல் போய்வந்தன.

"இது விக்கறதுக்கு இல்ல மேடம், டெமோ பீஸ்."

"விக்கறதுக்கு இல்லாததுனாலதான் கொறைச்சுக் கேக்கறேன்" என்றாள் கட்டிங் அக்கா. முக்கால் மணி நேரம் கேட்டாள். விற்பனையாளர் மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளர் முதலாளியைக் கூப்பிட்டார். கடைசியில் முன்பு கொடுத்த தொகையே போதும் என்று ஆனது. வெளியே வந்ததும் மகள் தோளில் இடித்தாள். "அம்மா, நீ பயங்கரம்மா." அந்த ஒரு சொல்லைக் கட்டிங் அக்கா வீட்டுக்குப் போகும்வரை மனதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

ஆக, மகள் மாலையில் வீட்டில் இருந்தாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, நாற்பது நிமிடம் மிதித்துவிட்டு இறங்கிக் குளிக்கப் போவாள். ஒரு வார்த்தை பேச்சில்லை. சமையலறையில் நின்றபடி அந்தச் சீரான சத்தத்தைக் கேட்கக் கேட்க, வாங்கவேண்டியதை எல்லாம் வாங்கியும் எதையோ வாங்காமல் விட்டுவிட்டது போலிருந்தது. சித்தி வீட்டில் மட்டும் எப்படி ஒன்றரை மணி நேரம் ஆனது? அங்கே மிதிக்கும்போது சித்தி என்ன செய்துகொண்டிருந்தாள்? யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே செய்யவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

அந்த ஒன்றும் செய்யாமலிருக்கும் வேலை கட்டிங் அக்காவுக்கு வராது. இருந்தாலும் நான்காம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் கண்ணைத் திறந்தாள். ஒரு காதிலிருந்ததை எடுத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மாவா? நீயா?"

சற்று நேரம் மிதித்தாள். இன்னொரு காதிலிருந்ததையும் எடுத்தாள்.

"எங்க கோச்சு விசில்னு நெனச்சுப் பேனாவ வாயில வெச்சு ஊதினாங்களே, உன்கிட்ட சொன்னேனா? இல்ல, அத சித்திகிட்டதான் சொன்னேன்."

உள்ளே அந்த மிளகாய்ப் பொடி மறுபடி எரிந்தது. எல்லாக் கதையும் முதலில் அங்கே போய்விட்டுத்தான் இங்கே வருகிறது. ஆனாலும் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"சொல்லல. சொல்லு."

"ஃபைனல் மேட்ச்சு. நடுவர் எதிர்ல நிக்கறாரு. இவங்க மூச்ச இழுத்து..."

"சித்தி சிரிச்சாளா இதுக்கு?"

"விழுந்து விழுந்து. இரும்மா, கதையக் கேளு. மூச்ச இழுத்து ஊதினாங்க பாரு, பேனா மூடி பறந்துபோய் நேரா நடுவர்..."

ஓரகத்தியைவிடச் சத்தமாகச் சிரித்துவிட வேண்டும் என்று கட்டிங் அக்கா தயாராகத்தான் இருந்தாள். மூடி நடுவரின் திறந்த வாய்க்குள் போனது என்று கேட்டபோது அது மறந்துபோய், சத்தமே வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டாள்.