பதினேழாம் பக்கம்

டிலோஜினி பதினேழாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது நான் என் கையை விரித்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"திஸ் இஸ் அவர் கார்டன். தேர் இஸ் எ மேங்கோ ட்றீ. தி பேர்ட்ஸ் ஆர் சிங்கிங்" என்று என் புறங்கையைப் பார்த்தபடியே வாசித்து முடித்தாள். கடைசிச் சொல்லில் ஆமென் சொல்வதுபோல் குரலை இறக்கினாள். பிறகு, "சரியோ மிஸ்?" என்று சிரித்தாள்.

ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று பழைய ரீச்சர் அவளைத்தான் காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பி ஒரு சொல்லில் விரலை வைத்தேன். மூன்றே எழுத்து.

"இது இன்னும் படிப்பிக்கேல்ல மிஸ்."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். இருபத்தொரு பிள்ளைகளில் பதினேழு பேர் இதே கதை. பதினேழாம் பக்கம் கடகடவென்று வருகிறது. பதினெட்டாம் பக்கத்தில் பூனை என்ற சொல்லையும் வாசிக்கத் தெரியாது.

இது எப்படி நடந்தது என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் மீன்பிடி ஊரான பேசாலையில் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதற்கு முன்பே முழுச் செபமாலையையும் சொல்வார்கள். ஒருவர் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். வகுப்பிலும் ரீச்சர் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி. இரண்டு கிழமையில் ஒரு பக்கம் முடிந்துவிடும். செபத்துக்கு அது நல்ல முறை. நானும் அப்படித்தான் படித்தேன். பதினான்கு கட்டுரைகளைப் பாடமாக்கி ஆங்கிலத்தில் ஏ எடுத்தேன். அடுத்தவனின் படகில் கூலிக்குப் போகிற அப்பா அன்றைக்குச் சீனவெடி கொளுத்தினார். எங்கள் வீட்டிலிருந்து கம்பசுக்குப் போன முதல் ஆள் நான். போன முதல் கிழமையே விரிவுரையாளர் ஒரு பத்தியைத் தந்து எழுந்து வாசிக்கச் சொன்னார். எழுந்தேன். வாசிக்கவில்லை. பின்னால் ஒருத்தி சிரித்தாள். அவளுடைய பெயர் எனக்கு இன்றும் தெரியும்.

அடுத்த நாள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். படகுகளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். தினம் பார்க்கிற எழுத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கணக்கு. பார்த்தால், ஒரு படகையும் விடாமல் எல்லாவற்றையும் வாசித்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். வரிசையின் கடைசியில் நின்ற நீலப் படகு வரைக்கும்.

அது வின்சன்ட் அண்ணை போன மாதம் வாங்கிய படகு. பழைய பெயரை அழித்து, பெரிய மஞ்சள் எழுத்தில் 'சீ ஈகிள்' என்று புதிதாக எழுதியிருந்தார். பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள்: "சென்ற் லூசியா!"

வின்சன்ட் அண்ணை கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார். "ரீச்சரம்மா, அந்தப் பேரை அழிக்க நான் ரெண்டு நாள் மினக்கெட்டனான். உன்ர பிள்ளையள் திரும்ப எழுதிப்போட்டுதுகள்."

"அதுகள் எழுத்தைப் பார்க்கேல்ல அண்ணை. படகைத்தான் பார்க்குதுகள்."

"படகைப் பார்த்தாக் காணுந்தானே. கடலுக்க ஆர் எழுத்துக் கூட்டிறது?"

"உங்களுக்கு அது போதும். இதுகளுக்குக் காணாது."

அந்த வியாழக்கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் வாசிப்புச் சோதனைக்கு வரவிருந்தார்கள். வாசிக்க இயலாத பிள்ளைகளைப் பட்டியல் எடுத்து, அவர்களுக்கு மட்டும் ஒரு வருசம் பின்னேர வகுப்பும் புத்தகங்களும் தருவார்கள். பெற்றோரின் கையெழுத்து வேண்டும். என் பதினேழு பேரும் அந்தப் பட்டியலில் ஏறவேண்டும். இல்லையென்றால், பெரிய பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எழுந்து நிற்கிறவரைக்கும் ஒருவருக்கும் தெரியவராது.

பள்ளிக்கூட அதிபர் அமிர்தநாயகம் சேர் வேறு முடிவில் இருந்தார். "பதினேழாம் பக்கத்தைக் குடும். வடிவாச் சொல்லுவினம். பட்டியல் வெறுமையாப் போகட்டும். எங்கட பள்ளிக்கூடத்தில மொக்குகள் இல்லை."

"மொக்குகள் இல்லத்தான் சேர். வாசிக்கத் தெரியாத பிள்ளையள் இருக்கினம். ரெண்டும் வேற."

"உம்மட நியமனத்தை நிரந்தரமாக்கிற கடிதத்தில ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"நீங்கள்தான்."

"அப்ப?"

"அப்ப வைக்காதேங்கோ சேர்."

நான் கொடுத்தனுப்பிய படிவங்களில் பதினாறு கையெழுத்தோடு திரும்பி வந்தன. பதினேழாவதை டிலோஜினியின் தாய் அன்ரோனெற் அக்கா நேரிலேயே கொண்டுவந்தார். கருவாடு காயப்போட்ட கையோடு சைக்கிளில் வந்து வகுப்பு வாசலில் இறங்கினார்.

"என்ர பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதெண்டு கந்தோருக்கு எழுதப் போறீரோ? கிறிஸ்மஸ் ஒளிவிழாவில அவள் இங்கிலீசில பேசேக்க பங்குச் சுவாமியே கைதட்டினவர்."

"நானும் ஒளிவிழாவில பேசினனான் அக்கா. நீங்களும் கைதட்டினனீங்கள். அதே வாயோட கம்பசில போய், ஒரு துண்டுப் பேப்பர் வாசிக்கேலாமல் நிண்டனான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் அதை இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"சொல்லித் திரியிற விசயமோ அது?"

"பட்டியலில பேர் போனா பெரிய பள்ளிக்கூடத்தில பின்னுக்குத் தள்ளி இருத்துவினம். எனக்குத் தெரியும்."

"தள்ளலாம். இல்லையெண்டு நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா போகாட்டி அவள் முன்னுக்கு இருந்து முழிப்பாள்."

அக்கா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையெழுத்து வைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சைக்கிளைத் திருப்பினார்.

வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது. பாடமாக்கியதைப் பிழை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அது அவர்கள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது. இரண்டு விதம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பக்கத்தைக் கையால் மூடிச் சொன்னால் அது பாடம். எழுத்துக்குக் கீழே விரல் வைத்துச் சொன்னால் அது வாசிப்பு. எழுத்துக்கு ஒரு சத்தம், சத்தங்களைச் சேர்த்தால் ஒரு சொல். மூன்று நாளில் மூன்றெழுத்துச் சொற்கள் கொஞ்சம் பிடிபட்டன. கண்ணைச் சுருக்கி, நெற்றி வியர்த்து, ஒரு சொல்லுக்கு ஒரு நிமிசம் எடுத்தார்கள். எனக்கு அது போதும்.

வியாழன் சோதனை அதிகாரி மனோன்மணி மிஸ் கந்தோரின் வான் வண்டியில் வந்து இறங்கினார். அதிபர் முதலாவதாக டிலோஜினியைக் கூப்பிட்டு, பதினேழாம் பக்கத்தைத் தன் கையாலேயே விரித்துக் கொடுத்தார்.

டிலோஜினி பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மனோன்மணி மிஸ்ஸைப் பார்த்தாள்.

"மிஸ், கையால மூடிச் சொல்லட்டோ, விரல் வைச்சு வாசிக்கட்டோ?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் பிள்ளை?"

"மூடினா கெதியாச் சொல்லுவன். விரல் வைச்சா நாலு சொல்லுத்தான் வரும்."

அதிபர் இருமினார். மனோன்மணி மிஸ் அவர் பக்கம் திரும்பவேயில்லை. புத்தகத்தை வாங்கி நாற்பதாம் பக்கத்தை விரித்தார். "விரலை வையும்."

மூன்று சொல் வந்தது. நாலாவதில் நின்றுபோனாள். மனோன்மணி மிஸ் பேனையைத் திறந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் தானே பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றரை மணித்தியாலத்தில் பட்டியலில் பதினேழு பெயர் இருந்தது.

"இந்தப் பிள்ளையின்ர தாய் இன்னும் சைன் பண்ணேல்ல" என்றார் வானில் ஏறும்போது. "நாளைக்குள்ள படிவம் வராட்டி பேரை வெட்டவேணும்."

வான் போனபிறகு, அன்றைக்கே பின்னேர வகுப்பைத் தொடங்க நினைத்தேன். இரண்டு மணிக்கு அதிபர் வகுப்பறையைப் பூட்டித் திறப்புக் கொத்தைக் கொண்டுபோய்விட்டார்.

பூட்டினால் பூட்டட்டும். பதினேழு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வின்சன்ட் அண்ணை தன் வாடிக் கொட்டிலின் நிழலை எங்களுக்கு விட்டுவிட்டு வெயிலுக்கு நகர்ந்தார். "பெயின்ற்றைச் சுரண்டாமல் இருந்தாச் சரி."

அன்று கரையில் ஒரு புதுப் படகு நின்றது. சிலாவத்துறைப் பக்கம் போகிற வழியில் எஞ்சின் பழுதாகி, காலையில் இழுத்து ஏற்றியிருந்தார்கள். முழுக்கப் பச்சை. யாருடையது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. நான் தேடியது அதைத்தான்.

"டிலோஜினி, வாரும். விரலை வையும்."

அவள் படகின் பக்கத்தில் விரலை வைத்தாள். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து. அப்போது மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அன்ரோனெற் அக்கா வந்தார். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்று தேடி வந்திருக்கவேண்டும். எனக்குப் பின்னால் நின்றார்.

"றெ... ட்" என்றாள் டிலோஜினி. "றெட்!"

"பச்சைப் படகுக்கு றெட் எண்டோ எழுதுவினம்?" என்றார் அக்கா. "வடிவாப் பாரும் பிள்ளை."

டிலோஜினி தாயைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். திரும்ப விரலை எடுத்து முதல் எழுத்தில் வைத்து, மூன்றையும் தொட்டு முடித்தாள்.

"றெட்தான் அம்மா. எழுத்து அப்பிடித்தான் கிடக்கு."

அக்கா குனிந்து அந்த மூன்றெழுத்தையும் பார்த்தார். "ஒரு சொல்லுக்கே இவ்வளவு நேரம் சுணங்குதே."

"சுணங்கும்" என்றேன்.

"ஒரு வருசம் காணுமோ?"

"தெரியாது. காணாட்டி அடுத்த வருசமும் இருப்பன்."

அக்கா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்தார். ஒரு மூலையில் மீன் எண்ணெய் பட்டிருந்தது. என் பேனையை வாங்கி, படிவத்தைப் படகில் அணைத்துவைத்துக் கையெழுத்துப் போட்டார்.

டிலோஜினி இரண்டாவது சொல்லுக்கு நகர்ந்திருந்தாள். முதல் எழுத்தின் சத்தம் வந்தது. இரண்டாவதில் விரல் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொல்லிக் குடுமன் ரீச்சர்" என்றார் அக்கா.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்தேன். மற்றப் பதினாறு பேரையும் உட்காரச் சொன்னேன்.

"ஆறுதலா வாசியும்" என்றேன். "எங்களுக்கு நேரம் இருக்கு."