காணாமல் போன உறுமல்

ரோஹித்தின் கார் சிவப்பு. டர்போ. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதில் பவர் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவர் ஐயப்பன்தாங்கலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டிலுள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது இது மூன்றாவது தடவை.

எங்கள் ஒர்க்‌ஷாப் என்று நான் சொல்லிக்கொள்கிறேனே தவிர, அது சாதுல்லா பாயுடையது. ஜஸ்டின் அண்ணா மெக்கானிக். நான் ரோஷினி, பி.இ. மெக்கானிக்கல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா துலுக்கானம் ஆவடியில் லோடுமேன். நாலு வருஷம் படித்ததில், எஞ்சினுக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். இங்கே வந்து ஒன்றரை வருஷமாக நான் செய்வது, வருகிற வண்டிக்கு என்னென்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதுவதும் போனை எடுப்பதும். "மெக்கானிக் யாராச்சும் இருந்தா குடும்மா" என்பார்கள். கொடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். டிரையல். வேலை முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று சொல்கிற வேலை. ஒர்க்‌ஷாப்பில் கடைசி வார்த்தை டிரையல் போய் வந்தவருடையது. அது ஜஸ்டின் அண்ணாவின் உரிமை. லைசென்ஸ் எனக்கும் இருக்கிறது. கேட்டால் பாய் சிரிப்பார்.

"ஓட்றது பெரிசில்லம்மா. ஓட்டிட்டு வந்து நீ சொல்ற பாரு, அத கஸ்டமர் நம்பணும்ல?"

"ஜஸ்டின் அண்ணா சொன்னா நம்புறாங்களே?"

"அவனுக்கு மீச கீது."

வேடிக்கையாகத்தான் சொல்வார். எனக்குத்தான் வேடிக்கையாக இருந்ததில்லை.

ரோஹித் முதல் தடவை வந்தபோது ஜஸ்டின் அண்ணா ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தார். இரண்டாவது தடவை பிளக் மாற்றினார். இரண்டு முறையும் டிரையல் போய் வந்து, "இப்ப சூப்பரா இழுக்குது சார்" என்றார். ரோஹித் போரூரைத் தாண்டுவதற்குள் போன் வந்துவிடும்: இழுக்கவில்லை.

"மூணாவது கியர்ல மிதிச்சா முன்னாடி ஒரு உறுமல் வரும்ங்க. அப்படியே முதுகு சீட்ல போய் ஒட்டிக்கும். இப்ப வண்டி தூங்குது. ஆபீஸ் கேப்ல போற மாதிரி இருக்கு" என்றார் ரோஹித். ஐ.டி. வேலை. காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கண் கலங்கும் என்று நினைக்கிறேன்.

ஜஸ்டின் அண்ணா தலையைச் சாய்த்தார். "ஆமா சார், கொஞ்சம் அடச்ச மாதிரிதான் கீது. டர்போவக் கழட்டிப் பாத்துர்லாம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேற்றுப் பிறந்த வண்டியின் டர்போவைக் கழற்றுவதாம்.

"அண்ணா, நூறு கிலோமீட்டர் வேகத்தத் தொட எத்தன செகண்ட் ஆவுதுன்னு பாத்தீங்களா?"

"செகண்டு எதுக்குமே? இருவது வருசமா என் முதுகே சொல்லும்."

"இப்ப முதுகு என்ன சொல்லிச்சு?"

"அடச்சிகினு கீதுன்னு சொல்லிச்சு."

"முதுகு எந்த காலேஜ்ல படிச்சிச்சு?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். ஜஸ்டின் அண்ணா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "எஞ்சினியரம்மா, நீயே பாத்துக்கோ" என்று ஒதுங்கினார். ரோஹித் ஓட்ட, பின் சீட்டில் போனை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். சாட்டிலைட்டைப் பார்த்து வேகத்தை அளக்கும் செயலி ஒன்று போனில் இருக்கிறது. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஏழே கால் செகண்டை ஒட்டித்தான் வந்தது. காரோடு வந்த புத்தகத்திலும் அதேதான் போட்டிருக்கிறது.

அதாவது எஞ்சினின் குதிரைசக்தியில் ஒரு குதிரைகூடக் காணாமல் போகவில்லை. பிறகு எதைத்தான் தேடுகிறார் இவர்?

"சார், அந்த உறுமல் இருக்கிற வீடியோ எதுவாச்சும் வச்சிருக்கீங்களா?"

ஒன்றல்ல, நாற்பது வைத்திருந்தார். வண்டி எடுத்த அன்று காருக்குள்ளிருந்து எடுத்தது ஒன்று. சிங்கம் மாதிரிதான் இருந்தது. அதே நாள், அதே ரோட்டில், அவர் மனைவி பவ்யா ஓரமாக நின்று எடுத்தது இன்னொன்று. அதில் கார் விருட்டென்று போகிறது. சத்தம் மிக்ஸியில் சட்னி அரைக்கிற அளவுக்குத்தான். உள்ளே சிங்கம், வெளியே மிக்ஸி.

"சார், பாட்டு சிஸ்டம் மாத்துனீங்களா?"

"ஆமா, ரெண்டு மாசம் முன்னாடி. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாமே புதுசு. பேஸ் அள்ளும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

அதுதான் எல்லாம். இந்தக் காலத்து டர்போ எஞ்சின் பெரும்பாலும் அடக்கமானது. ஓட்டுகிறவருக்கு அது பிடிக்காது என்பதால், சில கார்களில் உறுமலைத் தனியாகத் தயார் செய்து, பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் வழியாகவே விடுகிறார்கள். இவர் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் மாற்றியபோது அந்த வழி அறுந்துவிட்டது. பவர் போகவில்லை. பின்னணி இசைதான் போயிருக்கிறது.

பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அத அவராண்ட சொல்லாத. மனசு ஒடஞ்சி பூடுவாரு. பழச மாட்டிக் குடுத்துட்டு, சென்சார் அட்ஜஸ்ட் பண்ணியாச்சு சார்னு சொல்லி அனுப்பிடலாம்."

"பொய் எதுக்கு பாய்?"

"பொய் இல்லமா, மரியாத."

நான் நேரே போய், "சார், உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆவல. உங்க காதுக்குத்தான் ஆயிருக்கு" என்றேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட ரோஹித் சிவந்துபோனார். "மேடம், நான் பதினஞ்சு வருஷமா டிரைவ் பண்றேன். ஸ்பீடுக்கும் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இந்த வண்டி ஸ்லோ ஆயிடுச்சு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லது சார். ஸ்பீடோமீட்டர மூடிடறேன். எவ்ளோ வேகத்துல போறோம்னு நீங்களே சொல்லுங்க. போன் என்ன சொல்லுதுன்னு அப்பறம் பாப்போம்."

பாய்க்கு இது பிடித்துவிட்டது. பந்தயம் என்றால் அவருக்கு பிரியாணி. "ரோஷினி, ஞாயித்துக்கெழம காலைல நீயே ஓட்டு. சார் ஒத்துக்கினாருன்னா, இனிமே டிரையல் எல்லாம் நீதான் போற. ஒத்துக்கலன்னா ஜாப் கார்டோட கெட. வாயத் தொறக்கக் கூடாது."

"ஒத்துக்கிறேன்" என்றேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றாள் அம்மா. "ஒருத்தர் ஒத்துக்கணும்" என்றேன். கல்யாண விஷயம் என்று நினைத்து வேகமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரைப் பற்றி என்று சொன்னதும் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நெமிலிச்சேரிப் பக்கம் வெளிவட்டச் சாலை காலியாக இருந்தது. சிவப்பு கார் ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் ரோஹித், பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு பாய். ஸ்பீடோமீட்டர் மேல் துடைக்கிற துணியைச் செருகினேன். கண்ணாடிகளை ஏற்றினேன். பாட்டில்லை, பேச்சில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அருமையான வண்டி. காலை லேசாக வைத்தால் போதும், கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிறது. வளைவில் நான் செய்த தப்பை எனக்குத் தெரியாமலே அது திருத்திக்கொண்டது. எனக்கு அதுதான் லேசாக எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, "நீ நல்லா ஓட்டுன" என்று முதுகில் தட்டுகிற ஆள் மாதிரி.

"இப்ப எவ்ளோ சார்?"

ரோஹித் வெளியே பார்த்தார். "அறுபது. மிஞ்சிப் போனா அறுபத்தஞ்சு. பாருங்க, நான் சொன்னேன்ல, இழுக்கவே இல்ல."

"தொண்ணூத்தி ஏழு சார்" என்றார் பாய், பின்னாலிருந்து.

"போன் தப்பு."

நான் துணியை உருவினேன். ஸ்பீடோமீட்டர் நூறு காட்டியது. ரோஹித் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்த மீட்டரும் நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒத்துக்கொள்ள மாட்டார். ஆயுளுக்கும் ஜாப் கார்டுதான்.

அப்போது பாய் ஒரு காரியம் செய்தார். எனக்கு உதவுவதற்காக இல்லை. தன் பெருமைக்காக. "சார், உண்மையான ஸ்பீடுன்னா இன்னான்னு தெரியணுமா? நம்ம வண்டில வாங்க."

கிளம்பிய இடத்துக்கே திரும்பினோம்; காலையில் பாய் ஓட்டிவந்த வண்டி அங்கே ஓரமாக நின்றது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்து வெள்ளை செடான். டர்போ கிடையாது, வேகமாகச் சுற்றினால்தான் விழித்துக்கொள்கிற வீடெக் எஞ்சின். பின்னால் ஒட்டிய வீடெக் என்ற எழுத்துகளைப் பாதி உரித்துவிட்டிருக்கிறது வெயில். ஏ.சி. இல்லை. அதில் பூந்தமல்லி பைபாஸில் நூற்று நாற்பது போனதாக அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார்.

அதே ரோடு, அதே துணி. கண்ணாடி எல்லாம் திறந்தே கிடக்க, கிளம்பினேன். இந்த வண்டி ஒன்றும் சும்மா கொடுக்காது. நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று வரை அரைத் தூக்கம். அதைத் தாண்டினால் குரல் மாறியது. ஐயாயிரத்தில் கியர் குச்சி என் உள்ளங்கையில் நடுங்கியது. இரண்டாம் கியரிலேயே ஆறாயிரத்தைத் தொட்டபோது மொத்த வண்டியும் தொண்டை கிழியக் கத்தியது. ஸ்டியரிங் வழியாக ரோட்டிலிருந்த ஒவ்வொரு சரளையும் என் கைக்கு வந்தது. ரோஹித் மேல் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். சின்னப் பிள்ளை ராட்டினத்தில் சிரிக்கிற சிரிப்பு.

"எவ்ளோ சார்?" என்று கத்தினேன்.

"நூத்தி இருபது! மேடம், மெதுவா, நூத்தி இருபது!"

"நூத்தி முப்பது இருக்கும் சார்!" என்று பின்னாலிருந்து பாய் கத்தினார்.

"பாய், போனைப் பாருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். பாய் போனை ஆட்டிப் பார்த்தார். பிறகு கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னா பாய்?"

"எழுவத்தாறு" என்றார், யாரோ காலமான செய்தி மாதிரி.

துணியை உருவினேன். ஸ்பீடோமீட்டர் எண்பத்தெட்டு என்றது. வண்டிக்கு உரிய டயர் கிடைக்கவில்லை என்று பாய் எப்போதோ சின்ன டயர் போட்டிருக்கிறார். சின்ன டயர் அதிகமாகச் சுற்றும், மீட்டரும் கூட்டிக் காட்டும். அப்படியானால் பூந்தமல்லி பைபாஸ் நூற்று நாற்பது, நூற்று இருபதுதான். நான் கணக்கைச் சத்தமாகவே போட்டேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

உண்மையைச் சொன்னால், மனதுக்குள் நானும் நூறு என்றுதான் நினைத்திருந்தேன். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

ரோஹித் இறங்கி, இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னோடது இதைவிட வேகமா?"

"ரொம்பவே சார்."

"ஆனா இதுல சிரிச்சேன்."

"ஆமா சார்."

"சரி, ஒத்துக்கிறேன். என் வண்டிக்கு ஒண்ணுமில்ல." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பழைய ஸ்பீக்கர மட்டும் மாட்டிக் குடுத்துடுங்க மேடம்."

"பொய்ச் சத்தம் சார் அது."

"தெரியும். பரவால்ல. வாரத்துல அஞ்சு நாள் போரூர் சிக்னல்ல நிக்கிறவன். எனக்கு வேணும்."

பாயிடமிருந்து போனை வாங்கி, பழைய ஸ்பீக்கர் என்று குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது பாய் முகம் கொடுக்கவில்லை. டீ வந்தது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

"பாய், டிரையல்."

"இன்னா டிரையல்?"

"அவர் ஒத்துக்கிட்டாருல்ல?"

"அவரு ஒத்துக்கினாரு. நான் ஒத்துக்கல. நூத்தி நாப்பதுதான் அது."

"பந்தயம் அவர் ஒத்துக்கிறதுக்குத்தான் பாய். நீங்க ஒத்துக்கணும்னு யார் கேட்டா?"

ஜஸ்டின் அண்ணா லிஃப்டுக்கு அடியிலிருந்து சிரித்தார். "குட்த்துர்லாம் பாய். இல்லாங்காட்டி நூத்தி இருவதையும் கொறச்சிட்டு வந்துருவா."

பாய் சாவிப் பலகையைப் பார்த்தார். ஒரு பி.எம்.டபிள்யூ சாவி தொங்கியது. அதைத் தாண்டிப் போய், கறுப்புக் கயிறு கட்டிய ஒரு சாவியை எடுத்து நீட்டினார். தண்ணி கேன் போடுகிற குட்டி யானை மினி லாரியின் சாவி. பிரேக் வேலை முடிந்து வாசலில் நின்றது. பின்னால் முப்பது காலிக் கேன்கள்.

"போ. மொதல்ல இத ஓட்டிட்டு வா, எஞ்சினியரம்மா."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டேன்.

எஸ்டேட் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆவடி ரோட்டில் ஏறினேன். எஞ்சின் என் சீட்டுக்கு அடியிலேயே குத்தியது. கேன்கள் முப்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தாரை தப்பட்டை வாசித்தன. ஊரையே முந்திக்கொண்டு போவதாகத்தான் தோன்றியது. ஒரு பால்காரர் சைக்கிளில் என்னை முந்தினார். தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன்.

டன்லப் மைதானத்தருகே பிரேக்கை அழுத்தினேன். ஸ்டியரிங் இடது பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது. திரும்பவும் அழுத்தினேன். திரும்பவும் இழுத்தது. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, அடுத்த இடைவெளியில் வண்டியைத் திருப்பினேன்.

"எடது பக்கம் இழுக்குது" என்றேன், இறங்கியதும்.

ஜஸ்டின் அண்ணா நிமிர்ந்தார். "நான் பாத்தப்ப இழுக்கலயே."

"இப்ப இழுக்குது. மூணு தடவ பாத்தேன்."

தண்ணி கேன்காரர் வெளியே காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஜஸ்டின் அண்ணாவைப் பார்த்தார், கடைசியில் பாயைப் பார்த்தார். "இன்னா பாய், வண்டி ரெடியா?"

பாய் எங்கள் இருவரையும் பார்க்காமல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு மணி நேரம் ஆவும்ணே. டிரையல்ல எடது பக்கம் இழுக்குதாம்."

ஜஸ்டின் அண்ணா முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, பிரேக் கட்டை ஒன்று கோணலாக உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.